இப்போதைக்கு

முதலில் எல்லோரும் சுவரைத்தான் குற்றம் சொன்னார்கள்.
இரண்டடிச் சுவர், செங்கல், சுண்ணாம்பு,
அலை எப்படி நுழையும் என்றார் மின்வாரியத்துக்காரர்.
நான் ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு போய்
மடிக்கணினியை ஒட்டியே வைத்தேன்,
இட்லிக்குப் பக்கத்தில் சட்டினி மாதிரி.
மூடித் திறந்தேன்.
வைஃபை செத்திருந்தது.
சுவர் விடுதலை.

குற்றவாளி நகக்கண் அளவில் ஒரு சில்லு.
தூங்கப் போனால் எழுந்திருக்காது.
கர்னல் கூப்பிடும், ஒருமுறை, இருமுறை,
பதில் இல்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு
அடுத்த வேலைக்குப் போய்விடும்.

என் திருத்தம் பதினொரு வரி.
இந்தச் சில்லு என்றால் தூங்க விடாதே.
அவ்வளவுதான்.

சேவுகன் பள்ளத்தூரிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்தான்.
அந்த டிரைவரில் யார் எதைச் சேர்த்தாலும்
அவன் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும்.
கோட்டையூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் அறை.
கீழே இயந்திரம் யாருடைய பத்திரத்தையோ
இருபது பிரதி எடுத்துக்கொண்டிருக்க
அவன் படித்தான். மறுபடி படித்தான்.
"நோய் ஃபர்ம்வேரில் இருக்கிறது.
நீ நோயாளியை விடிய விடிய உட்கார வைக்கிறாய்."
தெரியும் என்றேன்.
அதைத் திறந்து பார்க்க எனக்கு உரிமையில்லை,
உனக்கும் இல்லை.
கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டாயிற்று.
அடுத்த காலாண்டு என்கிறார்கள்,
எந்த வருஷத்துக் காலாண்டு என்று சொல்வதில்லை.

அவன் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து காட்டினான்:
இப்போதைக்கு இப்படி, பிறகு சரிசெய்ய வேண்டும்.
எழுதிப் பன்னிரண்டு வருஷம்.
எழுதியவர் இன்று கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்.
அந்த வரியை எடுத்தால் எது விழும் என்று
ஒருவருக்கும் தெரியாது.
"ரயில்வே கேட் பக்கம் சாக்கடைமேல்
ஒரு வாரத்துக்கென்று பலகை போட்டார்களே,
அதன்மேல் ஒரு பூக்கடை நிற்கிறது இப்போது.
பலகையை எப்படி எடுப்பாய், சொல்."

நல்ல உவமை. அதனாலேயே கோபம் வந்தது.

பிலோமினாவைத் தெரியுமா உனக்கு?
புதுவயல் பக்கம் கிராம நர்ஸ்.
மூடினால் செத்துவிடும் என்று
திறந்த மடிக்கணினியை
டி.வி.எஸ் எக்ஸெல்லின் முன்பலகையில் வைத்து,
மேலே துண்டைப் போர்த்தி,
முழங்காலால் அணைத்துக்கொண்டு
தெருத்தெருவாய்த் தடுப்பூசிக் கணக்கு எழுதுகிறாள்.
நாய் குறுக்கே வந்தால்
பிரேக்குக்கு முன்னால் திரைக்குத்தான் கை போகிறது.
கம்பெனிக்காரன் மனசு வைக்கும்வரை
அவள் துண்டைப் பிடித்துக்கொண்டே போகட்டுமா?

கீழே ஜெராக்ஸ் நின்றது.
ஷட்டர் இறங்கிய சத்தம் முடிந்தபிறகு கேட்டான்:
"இதே எண்ணில் ஒழுங்காக எழுந்திருக்கும் சில்லும்
இருக்கிறதே. அதன் தூக்கத்தையும் கெடுப்பாயா?"

அதை நான் யோசிக்கவில்லை.

பதினொன்று பத்தொன்பது வரியானது.
இந்தப் பலகை, இந்தச் சில்லு,
ஃபர்ம்வேர் இந்தப் பதிப்புக்குக் கீழே என்றால் மட்டும்.
எந்தப் பதிப்பில் சரியாகும் என்று தெரியாததால்
இப்போது இருப்பதற்கு மேலே
எதுவாயினும் தூங்கட்டும் என்று விட்டோம்.
குறிப்பில் நான் எழுதியிருந்த 'இப்போதைக்கு'வை
அவன் அடித்தான். நான் திரும்பச் சேர்த்தேன்.
மணி இரண்டு.
"எப்போது எடுக்க வேண்டும், யார் எடுக்க வேண்டும்,
அதை எழுது, போதும்."
என் பெயரை எழுதினேன்.
அதன்கீழே தன் பெயரை எழுதிவிட்டு
வாசலில் செருப்பைத் தேடினான்,
பஸ் இல்லை என்று அப்புறம்தான் நினைவு வந்தது.

மாதம் கழித்து பிலோமினா போன் செய்தாள்.
மூடினேன் மேடம், திறந்தேன், இருக்கு.
சிரித்தாள். அப்புறம்:
ஆனா சார்ஜ் மத்தியானத்துக்கே தீந்துபோகுதே?

தூங்காதது தின்னத்தானே செய்யும்.
திருத்தத்தின் குறிப்பில் நாலாவது வரியில்
எழுதியிருந்தோம்,
அவள் படிக்கிற இடத்தில் அல்ல.

சேவுகனிடம் சொன்னேன்.
நான் சொன்னேனே என்பான் என்று
போனைக் காதிலிருந்து சற்று விலக்கியே பிடித்திருந்தேன்.
"எத்தனை மணிக்குத் தீர்கிறது?
பதிவேட்டை அனுப்பச் சொல்."

அனுப்பினாள்.
வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி,
ஒன்பது சதவீதத்தில்.